பழைய பஞ்ச் பத்திரிகையோட மேட்டுக்குடி கிசுகிசு கார்ட்டூன்களைப் படிக்கிறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

விக்டோரியா ராணி காலத்து லண்டன்ல பெரிய வீட்டு வரவேற்பறைகள்ல யாரு யாரைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்க, யாரு யார் வீட்டு விருந்துக்குள்ள நுழைய என்னென்ன பாடுபட்டாங்கன்னு வாராவாரம் படமா போட்ட பத்திரிகை பஞ்ச். 1841 ஜூலை 17ல ஆரம்பிச்சு 1992 வரைக்கும் நிக்காம வந்துச்சு, அப்புறம் 1996ல திரும்ப உயிர் கொடுத்துப் பாத்தாங்க, 2002ல முடிஞ்சுபோச்சு. அதுல இந்த மேட்டுக்குடி வம்பு கார்ட்டூனுக்குன்னே பேரெடுத்தவர் ஜார்ஜ் டூ மோரியே. 1834ல பாரிஸ்ல பிறந்தவர், ஆண்ட்வெர்ப்ல ஓவியம் படிச்சுக்கிட்டிருந்தப்போ இடது கண்ணுல பார்வை போச்சு, மிச்சமிருந்த ஒரு கண்ணை வச்சுக்கிட்டு 1896ல சாகுற வரைக்கும் வரைஞ்சாரு.

புதுசா வர்றவங்க பெரும்பாலும் மாட்டிக்கிற இடம் ஒண்ணுதான். ஒரு பக்கத்தைத் திறக்குறாங்க, உயரமா ரெண்டு பொண்ணுங்க, ஒரு மீசைக்காரர், பின்னால ஒரு பியானோ, கீழ எட்டு வரி இங்கிலீஷ் வசனம், படிச்சா இதுல சிரிக்க என்ன இருக்குன்னு தோணுது, மூடிட்டுப் போயிடுறாங்க. அது உங்க குறை இல்ல. இந்தப் படங்களைப் படிக்க ஒரு வரிசை இருக்கு, அந்த வரிசை பிடிபட்டுட்டா அப்புறம் விடவே மாட்டீங்க.

1. எங்க இருந்து பாக்குறது

காசு எதுவும் செலவு பண்ண வேண்டாம். இன்டர்நெட் ஆர்கைவ்ல பஞ்ச் வால்யூம்கள் நிறைய ஸ்கேன் ஆகி கிடக்கு, ஜெர்மனியில ஹைடெல்பெர்க் யுனிவர்சிட்டி லைப்ரரியும் பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, பிராஜெக்ட் குட்டன்பெர்க்ல சில வருஷங்களோட இதழ்கள் எழுத்தாவே தட்டச்சு பண்ணிக் கிடைக்குது. என்னோட சிபாரிசு, படத்துக்கு ஸ்கேன், வசனத்துக்கு குட்டன்பெர்க். ஏன்னா குட்டன்பெர்க்ல படங்கள் சின்னதா இருக்கும், கோடெல்லாம் மங்கிடும், ஆனா புரியாத வார்த்தையை அப்படியே காப்பி பண்ணி தேடலாம்.

பஞ்ச் வாரப் பத்திரிகைதான், ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு வால்யூமா பைண்ட் பண்ணாங்க. எந்த வருஷம் எந்த வால்யூம்னு தேடித் தலைசுத்த வேண்டாம், வருஷத்துல இருந்து 1841ஐக் கழிச்சு ரெண்டால பெருக்குங்க, அது ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் உள்ள வால்யூம், கூட ஒண்ணு சேத்தா ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும். 1880 வேணுமா, 39ஐ ரெண்டால பெருக்குனா 78, அடுத்த அரையாண்டு 79. இந்தக் கணக்கு ரொம்ப உதவும், ஏன்னா பல ஸ்கேன்கள்ல தலைப்புல வருஷமே இருக்காது, வால்யூம் நம்பர் மட்டும்தான் இருக்கும்.

2. எந்தப் படத்தை முதல்ல எடுக்குறது

பஞ்ச்ல ரெண்டு வகைப் படம் உண்டு. முழுப்பக்கத்துக்குப் பெருசா வர்றது அரசியல் கார்ட்டூன், ரொம்ப காலம் அதை வரைஞ்சவர் ஜான் டென்னியல். அதை இப்போதைக்குத் தள்ளி வைங்க, அந்த வார பார்லிமென்ட் செய்தி தெரியாம அது புரியாது. சின்னதா, அரைப்பக்கத்துக்கு வர்ற வீட்டுக்கூடம், விருந்து, டான்ஸ் படங்கள்தான் நமக்கு வேணும். அதுலயும் 1875ல இருந்து 1895 வரைக்கும் உள்ள இருபது வருஷம் டூ மோரியேவோட பொற்காலம்னு தைரியமா சொல்லுவேன்.

ஆரம்பத்துக்கு ஒரு படம்னா 1880 அக்டோபர் 30 இதழ்ல வந்த டீபாட் கார்ட்டூன். புதுசா கல்யாணமான ஒரு ஜோடி, கையில ஒரு சீனத்து நீலப் பீங்கான் டீபாட். மாப்பிள்ளை இது அப்பழுக்கில்லாம பூரணமா இருக்கில்லன்னு உருகுறாரு, பொண்ணு ஆமா அல்ஜர்னான், நாம இதுக்குத் தகுந்த மாதிரி வாழணும்னு சொல்லுது. அவ்ளோதான். டீபாட்டுக்குத் தகுதியா வாழப்போறாங்களாம்!

இதுக்குப் பின்னால இருக்கற கதைதான் இந்த வகை கார்ட்டூன் எப்படி உருவாச்சுங்கறதுக்கே சாட்சி. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சப்போ, என் ரூம்ல இருக்கற நீலப் பீங்கானுக்குத் தகுந்த மாதிரி வாழுறது நாளுக்கு நாள் கஷ்டமா இருக்குன்னு சொன்னாருன்னு ஒரு பேச்சு, வாய்வழியா ஊர் பூரா சுத்திச்சு. டூ மோரியே அந்தப் பேச்சை எடுத்தாரு, பேரை எடுக்கல. படத்துல வைல்டுன்னு எங்கயும் கிடையாது, ஒரு அல்ஜர்னானும் அவன் பொண்டாட்டியும்தான். படிச்ச எல்லாருக்கும் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியும், ஆனா யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதைவிட முக்கியம், வைல்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாத நாமளும் இன்னைக்கு அந்தப் படத்தைப் பாத்து சிரிக்கலாம், ஏன்னா பொருளைக் கும்பிட்டு வாழுற ஜோடி எல்லா ஊர்லயும் இருக்கு.

இதே சமயத்துல பேரைப் போட்டு கிசுகிசு எழுதுற பத்திரிகைகளும் லண்டன்ல சக்கைப்போடு போட்டுச்சு. எட்மண்ட் யேட்ஸ் 1874ல தி வேர்ல்டு ஆரம்பிச்சாரு, ஹென்றி லபுஷேர் 1877ல ட்ரூத் ஆரம்பிச்சாரு. யேட்ஸ் லான்ஸ்டேல் பிரபுவைப் பத்தி வந்த ஒரு துணுக்குக்காக அவதூறு வழக்குல மாட்டி 1885ல ஜெயிலுக்கே போனாரு. அந்தத் துணுக்குகளை இன்னைக்கு எடுத்துப் படிச்சா யாரு எவருன்னே தெரியல, சுவாரஸ்யமும் இல்ல. பேர் போடாத டூ மோரியே படங்கள் நின்னுச்சு. புதுசா வர்றவங்க மனசுல முதல்ல பதிய வேண்டிய விஷயம் இதுதான்னு நான் நினைக்கிறேன். அதனால ஒவ்வொரு படத்துலயும் இது நிஜத்துல யாருன்னு துப்பறிய உக்காராதீங்க, தொண்ணூறு சதவீதம் அது யாருமே இல்ல, அது ஒரு குணம்.

3. வசனத்தை மூடிட்டு படத்தைப் பாருங்க

இது ரொம்ப முக்கியம், தாண்டிப் போயிடாதீங்க. கீழ இருக்கற எழுத்தை ஒரு பேப்பரால மறைச்சுக்குங்க, போன்ல பாத்தா படம் மட்டும் தெரியற மாதிரி பெருசு பண்ணிக்குங்க. அப்புறம் மூணு கேள்வி. யாரு பேசுறாங்க? யாருக்குக் கேக்கணும்னு பேசுறாங்க? யாருக்குக் கேக்கக் கூடாது, ஆனா கேக்குது?

மூணாவது கேள்விலதான் உயிரே இருக்கு. கிசுகிசு கார்ட்டூன்ல எப்பவும் காது எங்க இருக்குன்னு தேடணும். பாதி திரும்பின முகம், விசிறிக்குப் பின்னால ஒரு கண்ணு, தட்டை ஏந்திக்கிட்டு எதுவும் கேக்காத மாதிரி நிக்கிற வேலைக்காரன், சோபாவுக்கு அந்தப் பக்கம் முதுகு மட்டும் தெரியற ஒரு ஆளு. டூ மோரியே 'சொல்லாமலே இருந்திருக்கலாம்'ங்கற மாதிரி ஒரு தொடர் வச்சிருந்தாரு, யாரோ ஒருத்தர் வெகுளியா ஒண்ணு சொல்லிடுவாங்க, அது போய் எதிர்ல நிக்கிறவங்க மனசுல குத்தும். இன்னொரு தொடர் 'பூனை மரியாதைகள்'னு வச்சுக்கலாம், ரெண்டு பெண்கள் சிரிச்ச முகமா பாசமா பேசிக்குவாங்க, ஒவ்வொரு வார்த்தையிலயும் நகம் இருக்கும். இந்தப் படங்கள்ல முகத்துல கோவமே இருக்காது, எல்லாரும் அழகா, நிதானமா, சிரிச்சிட்டு இருப்பாங்க, அந்த அமைதியும் வசனமும் ஒண்ணுக்கொண்ணு மோதற இடத்துலதான் நமக்கு சிரிப்பு வரும். படத்தை முதல்ல பாக்கலேன்னா அந்த மோதல் கிடைக்காது, வெறும் வசனம் மட்டும்தான் மிஞ்சும்.

4. இப்ப வசனம்

வசனம் நாடகம் மாதிரி எழுதியிருக்கும், அவன், அவள், வீட்டுக்காரி, விருந்தாளின்னு போட்டு பக்கத்துல பேச்சு. பொறுமையா ஒரு தடவை சத்தமா வாசிங்க. எழுத்துக்கூட்டலைக் கவனிங்க, ஏன்னா அதுலதான் யாரு எந்தக் குடின்னு அவர் சொல்லுவாரு. ஹோம்னு சொல்ல வேண்டிய இடத்துல ஓம்னு இருந்தா, இன்னுன்னு வர வேண்டிய இடத்துல ஹின்னுன்னு இருந்தா, பேசுறவருக்குப் பணம் புதுசுன்னு அர்த்தம். ஹ சத்தத்தைச் சொல்ல வேண்டிய இடத்துல முழுங்கிட்டு, சொல்லக்கூடாத இடத்துல சேக்குறதுதான் அன்னைக்கு லண்டன்ல ஒருத்தரைக் காட்டிக்கொடுத்த அடையாளம்.

இதுக்கு நல்ல உதாரணம் சர் கார்ஜியஸ் மைடாஸ்னு அவர் உருவாக்கின புதுப்பணக்காரர். ராத்திரி ரெண்டு மணி தாண்டி வீட்டுக்கு வர்றாரு, கதவைத் திறக்க சீருடையோட நாலு வேலைக்காரங்க வரிசையா நிக்கிறாங்க. மிச்ச ஆளுங்க எங்கடான்னு கேக்குறாரு. நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு தெரியல, மத்தவங்க தூங்கப் போயிட்டாங்கய்யான்னு பெரிய வேலைக்காரன் சொல்றான். அதுக்கு அவர், அப்போ நான் ஒரு சிநேகிதரைக் கூட்டிட்டு வந்திருந்தா எங்களை உள்ள விட நீங்க நாலு பேர் மட்டும்தான் இருந்திருப்பீங்களான்னு எகிறுறாரு. அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பான்னு நம்ம ஊர்ல சொல்றது அப்படியே வரி மாறாம இந்தப் படத்துக்குப் பொருந்தும், நேரமும் அர்த்த ராத்திரிதான்.

இன்னொருத்தங்களையும் தெரிஞ்சு வச்சுக்குங்க, மிஸஸ் பான்சன்பி டி டாம்கின்ஸ். கார்ஜியஸுக்குப் பணம் இருக்கு, நாசூக்கு இல்ல. இவங்களுக்குப் பணம் பெருசா இல்ல, ஆனா மூளை இருக்கு. பெரிய இடத்து ஆளுங்களைத் தன்னோட வீட்டுக்கு வரவைக்கணும், அதுக்கு இசைக்கலைஞர்களை அழைப்பாங்க, யாரை யாருக்கு அறிமுகம் பண்ணினா எந்தக் கதவு திறக்கும்னு கணக்குப் போடுவாங்க, பாவம் புருஷன் பின்னாலயே வந்துக்கிட்டிருப்பார். இவங்க வர்ற படங்களை தேதி வரிசையில பாத்தீங்கன்னா ஒரு நாவல் படிச்ச திருப்தி கிடைக்கும். கார்ஜியஸைவிட இவங்கதான் அவரோட பெரிய படைப்புங்கறது என் கருத்து, ஏன்னா அவங்க மேல கோவமும் வருது, அந்த சாமர்த்தியத்தைப் பாத்து மதிப்பும் வருது.

5. பட்டம், தேதி, துணி

படம் புரியலேன்னா இந்த மூணுல ஒண்ணுதான் இடிக்கும்.

பட்டத்துல மேல இருந்து கீழ டியூக், மார்க்வெஸ், எர்ல், வைகவுன்ட், பாரன். சர்னு முன்னால இருந்தா அவர் பிரபு சபை உறுப்பினரான பிரபு இல்ல, அதுக்கும் கீழ. சர்க்கு அப்புறம் எப்பவும் முதல் பேருதான் வரும், அதனாலதான் சர் கார்ஜியஸ், சர் மைடாஸ் இல்ல. யாராவது இதைத் தப்பா சொல்ற மாதிரி படத்துல இருந்தா அதுவே ஜோக்கா இருக்கலாம். பிஷப்பையும் மை லார்டுன்னுதான் கூப்பிடுவாங்க. 1895 நவம்பர் 9ல வந்த முட்டை கார்ட்டூன்ல, பிஷப் வீட்டு சாப்பாட்டு மேஜையில ஒரு சின்ன பாதிரியாருக்கு அழுகின முட்டை வந்திடும், அதைச் சொல்ல பயந்துகிட்டு இல்ல மை லார்டு, இதுல சில பகுதிகள் பிரமாதமா இருக்குன்னு சொல்லுவாரு. அந்தப் பாதிரியார் முட்டை இங்கிலீஷ்ல பழமொழியாவே ஆயிடுச்சு. இது வம்பு கார்ட்டூன் கிடையாது, ஆனா பெரிய மனுஷன் முன்னால நாக்கு எப்படிக் குழையுதுன்னு இதைவிட சுருக்கமா யாரும் காட்டினதில்ல.

தேதின்னா, இதழ் எந்த மாசம்னு பாருங்க. ஈஸ்டருக்கு அப்புறம் ஜூலை வரைக்கும் லண்டன் சீசன், எல்லாரும் நகரத்துல இருப்பாங்க, டான்ஸ், ஹைட் பார்க்ல குதிரை சவாரி, ஓவியக் கண்காட்சி. ஆகஸ்ட் 12 அன்னைக்கு ஸ்காட்லாந்துல காட்டுக்கோழி வேட்டை ஆரம்பம், அதோட லண்டன் காலி. ஆகஸ்ட் கடைசியில ஒருத்தர் இன்னும் லண்டன்ல இருக்கறதா படம் வந்தா, அவருக்கு எங்கயும் அழைப்பு வரலைன்னு ஊர் பேசும். அந்த வெக்கம்தான் படத்தோட விஷயம்.

துணி சுலபம். கூண்டு மாதிரி அகலமான பாவாடைன்னா 1860கள். பின்பக்கம் மட்டும் மேடு மாதிரி தூக்கி இருந்தா 1870கள் ஆரம்பம், இல்லேன்னா 1880கள் நடு. தோள்ல பலூன் மாதிரி கை ஊதியிருந்தா 1895 பக்கம். ஒட்டின துணி, தொங்கின முகம், கையில லில்லிப் பூவோ சூரியகாந்தியோ, சுவர்ல மயிலிறகு, ஜப்பான் விசிறி, நீலப் பீங்கான்னு பாத்தீங்கன்னா அது அழகுதான் வாழ்க்கைன்னு சுத்தின அழகியல் கூட்டம், 1880ஐ ஒட்டின வருஷங்கள். அந்தக் கூட்டத்தைக் கிண்டல் பண்ண மாடில்னு ஒரு ஓவியரையும் போஸ்டில்த்வெயிட்னு ஒரு கவிஞரையும் அவர் படைச்சாரு. பெரிய செயின்ட் பெர்னார்ட் நாய் ஒண்ணு படத்துல வந்தா அதுக்கு அர்த்தம் தேடாதீங்க, அது அவரோட சொந்த நாய் சாங்.

6. யாரைக் கிண்டல் பண்றாருன்னு கேளுங்க, யாரை விட்டுடுறாருன்னும் கேளுங்க

இதை நான் அழுத்திச் சொல்லணும். டூ மோரியே படங்கள்ல பரம்பரைச் சீமாட்டிகள் பெரும்பாலும் தேவதை மாதிரி உயரமா அழகா இருப்பாங்க, அசிங்கமா குண்டா வரையப்படுறது கீழ இருந்து மேல ஏறி வந்தவங்கதான். வியாபாரத்துல சம்பாதிச்சவன் உச்சரிப்பைப் பாத்து சிரிச்ச அளவுக்கு, ஒண்ணுமே செய்யாம பாட்டன் நிலத்துல சாப்பிடுறவனைப் பாத்து அவர் சிரிக்கல. யூதர்களை வரைஞ்ச விதத்துல அந்தக் காலத்து வெறுப்பு அப்படியே இருக்கு, அவர் எழுதின டிரில்பி நாவல்ல வர்ற ஸ்வெங்காலியும் அதே வெறுப்புல பிறந்த பாத்திரம்தான். அந்தக் காலம் அப்படின்னு சொல்லி இதைத் தாண்டிப் போகக் கூடாது. படத்தோட அழகையும் ரசிங்க, அது யாரை மிதிக்குதுன்னும் பாருங்க, ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கு.

7. அடுத்து அமெரிக்காவுக்குப் போங்க

டூ மோரியே கொஞ்சம் பழகினதும் நியூயார்க் பக்கம் திரும்பலாம். அங்க 1883ல ஆரம்பிச்ச பழைய லைஃப் பத்திரிகையில சார்லஸ் டானா கிப்சன் வரைஞ்சாரு. பேனா கோட்டுலயே பட்டுத்துணி தெரியும். அவருக்குப் பிடிச்ச விஷயம், அமெரிக்கக் கோடீஸ்வரன் பொண்ணை ஐரோப்பாவுல கடன்ல மூழ்கின பிரபுவுக்குப் பட்டத்துக்காகக் கட்டிக்கொடுக்கறது. நிஜத்துலயும் 1895ல கான்சுவலோ வாண்டர்பில்ட் மார்ல்பரோ டியூக்கைக் கல்யாணம் பண்ணினது உலகமே பேசின வம்பு. அந்த ஊர்ல டவுன் டாபிக்ஸ்னு ஒரு கிசுகிசுப் பத்திரிகை, கர்னல் மேன்னு ஒருத்தர் நடத்தினது, பெரிய பணக்காரங்ககிட்ட திருப்பித் தராத கடனா பணம் வாங்கிட்டு அவங்க கதையைப் போடாம விட்ட விஷயம் 1906ல கோர்ட்ல நாறிடுச்சு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு கிப்சனைப் பாத்தா அந்தப் பொண்ணுங்க ஏன் அவ்ளோ சலிச்சுப்போன முகத்தோட இருக்காங்கன்னு புரியும்.

அப்புறம் 1925ல தி நியூயார்க்கர் வருது, வசனம் எட்டு வரியில இருந்து ஒரே வரிக்கு சுருங்குது. பீட்டர் ஆர்னோ அங்க ராஜா, அவரே நைட் கிளப்ல சுத்தி கிசுகிசுப் பத்தியில பேர் அடிபட்ட ஆளு, அதனால உள்ள இருந்து வரைஞ்சாரு. 1936ல ஒரு படம், நல்லா உடுத்தின பணக்காரக் கும்பல் ஒண்ணு தெருவுல நின்னு ஜன்னல் வழியா உள்ள இருக்கற சிநேகிதங்களைக் கூப்பிடுது, வாங்க, ட்ரான்ஸ் லக்ஸுக்குப் போய் ரூஸ்வெல்டைப் பாத்து கூச்சல் போடலாம்னு. ட்ரான்ஸ் லக்ஸ் செய்திப்படம் ஓட்டுற தியேட்டர், ரூஸ்வெல்ட் பணக்காரங்களுக்கு வரி ஏத்தின ஜனாதிபதி, இது ரெண்டும் தெரிஞ்சா போதும். ஹெலன் ஹாக்கின்சனையும் விட்டுடாதீங்க, மகளிர் கிளப் மாமிகளை அவங்க வரைஞ்ச மாதிரி பாசமா யாரும் வரையல, வசனம் பெரும்பாலும் ஜேம்ஸ் ரீட் பார்க்கர் எழுதினது.

8. வாங்கறதா இருந்தா

சிலர் ஃபிரேம் போட ஆசைப்படுவாங்க. பஞ்ச் ஒரிஜினல்னு சொல்லி விக்கிறது பெரும்பாலும் பழைய வால்யூமைக் கிழிச்சு எடுத்த பக்கம், அது தப்பில்ல, ஆனா அதுக்கேத்த விலைதான் கொடுக்கணும். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க, அந்த வாரத்து எழுத்து இருக்கணும். லென்ஸ் வச்சுப் பாருங்க, குட்டிக் குட்டிப் புள்ளியா தெரிஞ்சா அது பிற்காலத்து மறுபதிப்பு, கோடா தெரியணும். ஓரத்துல ஸ்வெயின்னு கையெழுத்து இருக்கும், அது ஓவியர் இல்ல, மரக்கட்டையில செதுக்கின ஜோசப் ஸ்வெயினோட பட்டறை. ஆரம்ப காலத்துல ஓவியர் நேரா கட்டை மேலதான் வரைவாரு, செதுக்கும்போதே அந்த ஓவியம் அழிஞ்சுபோகும், அதனால 1860கள்ல வந்த படத்துக்குக் கையால வரைஞ்ச மூலம் என்கிட்ட இருக்குன்னு யாராவது சொன்னா நிதானமா விசாரிங்க. பின்னாடி பேப்பர்ல வரைஞ்சு போட்டோ மூலமா கட்டைக்கு மாத்தினாங்க, அந்தக் காலத்துப் பேனா ஓவியங்கள்தான் பிழைச்சிருக்கு.

படத்தை நீங்க யாருக்காவது அனுப்பும்போது இதழ் தேதியையும் வால்யூம் நம்பரையும் கூடவே எழுதுங்க, வசனத்தை வெட்டாதீங்க, வசனமில்லாத டூ மோரியே பாதி டூ மோரியேதான். அவர் இறந்து 125 வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தப் படங்களுக்கு காப்புரிமை எப்பவோ முடிஞ்சாச்சு, தாராளமா பகிரலாம், தமிழ்ல வசனம் எழுதிப் பாக்கலாம். ஆர்னோ, ஹாக்கின்சன் அப்படி இல்ல, பல நியூயார்க்கர் படங்களுக்கு இன்னும் உரிமை வச்சிருக்கறவங்க இருக்காங்க, அதனால அதை வெட்டி ஒட்டாம லிங்க் மட்டும் கொடுங்க.